விலைபோனவர்கள் மீதான வழக்கு

2010 அக்டோபரில் இரண்டு இசைத்தொகுப்புகள் வெளியாயின. ஒன்று, லண்டனைச் சேர்ந்த ஸ்க்ரீம், பெங்கா, ஆர்ட்வர்க் மூவரும் மேக்னடிக் மேன் என்ற பெயரில் கொலம்பியா நிறுவனத்துக்குச் செய்துகொடுத்த ஆல்பம். மற்றொன்று, லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த 22 வயது ஸ்க்ரில்லெக்ஸின் ‘ஸ்கேரி மான்ஸ்டர்ஸ் அண்ட் நைஸ் ஸ்ப்ரைட்ஸ்’. இரண்டும் டப்ஸ்டெப் என்ற பெயரில்தான் சந்தைக்கு வந்தன. அதுவரை அந்த இசையை இருட்டறைகளில் நின்று கேட்டு வளர்ந்தவர்களில் பலருக்கு முதலாவது துரோகமாகவும் இரண்டாவது கேலிக்கூத்தாகவும் பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கசப்பு முழுதாக ஆறவில்லை.

மறைவில் வளர்ந்த இசை சந்தைக்கு வருவதும், பழைய ரசிகர்கள் மனம் கசந்துபோவதும் ஜாஸ் காலத்திலிருந்தே நடப்பவைதான். ஆனாலும் இந்தக் கேள்வியை ஆராய டப்ஸ்டெப் வசதியான களம். எல்லாமே பத்து ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் ஒரே நகரத்தில், பெயர் தெரிந்த சிலரின் கைகளால் நடந்து முடிந்தது. எது எப்போது மாறியது என்று விரல் வைத்துக் காட்டலாம். இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பாடகரும் அல்லர். கணினியின் முன் தனியாக உட்கார்ந்து தாளத்தையும் அடிநாதத்தையும் கோத்து முழு இசையையும் உருவாக்கும் இசைத் தயாரிப்பாளர். கூட்டத்தில் பக்கத்தில் நின்றாலும் அடையாளம் தெரியாத ஆள். அவர்மீது முன்பின் அறியாத ஆயிரம் பேருக்கு இவ்வளவு உரிமை எங்கிருந்து வந்தது?

தெற்கு லண்டனின் விளிம்பில் இருக்கிறது க்ராய்டன். அங்கே சரே தெருவில் பிக் ஆப்பிள் என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. டிஜே ஹாட்சா கல்லாவுக்குப் பின்னால் நின்றார். ஆர்ட்வர்க்குக்கு மாடியில் ஒலிப்பதிவு அறை. ஸ்க்ரீமும் பெங்காவும் பள்ளி வயதிலேயே அந்தக் கடையைச் சுற்றி வந்த பையன்கள். மலிவான மென்பொருளில் அவர்கள் தட்டிப்போட்ட தாளங்களை ஹாட்சா கிளப்புகளில் ஒலிக்கவிட்டார். 2003இல் இருவரும் சேர்ந்து செய்த ‘தி ஜட்ஜ்மென்ட்’ அந்தக் கடையின் லேபிளிலேயே வெளிவந்தது. அடுத்த ஆண்டு கடை மூடப்பட்டது.

இந்த இசையின் மற்ற முகவரிகளும் சிலவே. 2001இல் தொடங்கிய ‘ஃபார்வர்டு’ என்ற இரவு நிகழ்ச்சி பின்னர் ஷோர்டிச்சில் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற சின்ன நிலவறைக் கிளப்புக்கு மாறியது. மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர் 2005இல் பிரிக்ஸ்டனில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் ‘டிஎம்இசட்’ இரவுகளைத் தொடங்கினார்கள். வானொலி என்றால் ரின்ஸ் எஃப்.எம். 1994 முதல் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிவந்த அந்த நிலையத்துக்கு 2010இல்தான் உரிமம் கிடைத்தது.

இந்த இடங்களில் ஒலித்த இசையில் பெரும்பகுதி கடையில் கிடைக்காது. தயாரிப்பாளர் புதிதாக ஒன்றைச் செய்தால் அதை ‘டப்பிளேட்’ என்ற தட்டில் சில பிரதிகள் மட்டுமே வெட்டுவார்கள். அலுமினியத்தின்மேல் மெழுகுப் பூச்சுப் போன்ற மெல்லிய அரக்கு. சில பத்து முறை ஓட்டினால் தேய்ந்துவிடும். அந்தத் தட்டு இரண்டு மூன்று டிஜேக்களிடம் மட்டுமே இருக்கும். கேட்க வேண்டுமானால் அந்த இரவில் அந்த அறைக்குப் போயாக வேண்டும். போனவர்கள் சும்மா கேட்டுவிட்டு வருவதுமில்லை. ஒரு பாட்டு பிடித்துப்போனால் கூட்டம் கூச்சலிடும். டிஜே தட்டைக் கையால் பிடித்துப் பின்னோக்கிச் சுழற்றி மறுபடி முதலிலிருந்து போடுவார். சில பாட்டுகளுக்கு மூன்று நான்கு முறை. எந்தத் தாளம் இசைத்தட்டாக அச்சேறும், எது மறக்கப்படும் என்பதில் அந்தக் கூச்சலுக்கும் பங்கு இருந்தது. தயாரிப்பாளர்மீது ரசிகருக்கு வந்த உரிமை இதிலிருந்து பிறந்தது என்பதே என் எண்ணம். அவர் வாடிக்கையாளராக அல்ல, தேர்வுக்குழு உறுப்பினராக அங்கே நின்றார். பின்னாளில் பாட்டு வானொலியில் ஓயாமல் ஒலித்தபோது அவர் இழந்தது அந்தப் பதவி. இதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் சரியல்ல. உண்மையாகவே இருந்த ஒன்று உண்மையாகவே பறிபோயிருக்கிறது.

அடுத்தது ஒலி. ஏமாற்றத்தின் கணக்கில் என்னால் முழுமனதாக ஏற்க முடிவது இந்த வரவைத்தான், ஏனென்றால் இதைக் காதால் சரிபார்க்கலாம். டப்ஸ்டெப்பின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 140 அடிகள். ஆனால் தாளம் பாதி வேகத்தில் நடப்பதுபோல் தோன்றும். அடிகளுக்கு நடுவே வெற்றிடம் நிறைய. அந்த வெற்றிடத்தை நிரப்புவது அடிநாதம். 40, 50 ஹெர்ட்ஸ் பகுதியில் வரும் அந்த ஒலியைக் காது கேட்பதைவிட நெஞ்செலும்பும் வயிறும் அதிகம் கேட்கும். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் மரபு, லண்டனுக்குக் குடியேறிய கரீபியக் குடும்பங்கள் வழியாக வந்து சேர்ந்த சொத்து அது. ஆளுயர ஸ்பீக்கர் அடுக்குகள் இல்லாமல் அந்த இசை பாதிகூட இல்லை. கைபேசி ஸ்பீக்கரோ மடிக்கணினியோ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதையும் ஒலிக்காது. மாலாவின் பாட்டு ஒன்றை மடிக்கணினியில் போட்டுப் பாருங்கள்: டிக் டிக் என்ற ஓசையும் கொஞ்சம் எதிரொலியும் கேட்கும், அவ்வளவுதான்.

ஆகவே இசை அறையை விட்டு வெளியேறியதும் அடிநாதத்துக்கு வேலை போய்விட்டது. அதன் இடத்துக்கு ஒலியலைவரிசையின் நடுப்பகுதி வந்தது. அலைந்து அலைந்து உறுமும் அந்த ‘வாபுள்’ ஓசையைக் கீழிருந்து நடுவுக்கு ஏற்றி, உரசல் கூட்டி, எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும்படி செய்தார்கள். ஸ்க்ரில்லெக்ஸின் இசையில் நடப்பதெல்லாம் அந்த நடுப்பகுதியில்தான்: இரும்பைக் கிழிப்பதுபோன்ற ஓசைகள், நொடிக்கு நொடி திருப்பம். தொழில்திறனில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. காத்திருக்கவைக்கும் இசை போய், காத்திருக்கவே விடாத இசை வந்தது. பிரிக்ஸ்டன்காரர் கைவிரித்ததன் காரணம் இது.

ஆனால் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தது பெருநிறுவனமா? இல்லை. நடுப்பகுதி உறுமலை முன்னுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் காஸ்பாவும் ரஸ்கோவும். இருவரும் பிரிட்டனின் கிளப்புகளில் உருவானவர்கள். ஃபேப்ரிக் கிளப்பின் தொகுப்பு வரிசைக்காக அவர்கள் கோத்த தட்டு வெளிவந்தது 2007இல், கொலம்பியா ஒப்பந்தத்துக்கெல்லாம் முன்னால். கோக்கி டிஎம்இசட்டின் தூண்களில் ஒருவர். அவரது தாளங்களிலேயே அந்தக் கரடுமுரடான உறுமல் இருந்தது. அவரும் பெங்காவும் சேர்ந்து செய்த ‘நைட்’ கிளப் எல்லைகளைத் தாண்டி ஒலித்தது. கூட்டம் எதற்கு அதிகம் கூச்சலிட்டதோ அது வளர்ந்தது. கூச்சலிட்டவர்கள் உள்ளே இருந்தவர்கள். தேர்வுக்குழுவின் கையெழுத்தும் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. இதைப் பழைய ரசிகர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

ஸ்க்ரீமின் பாதையைத் தொடர்ந்து பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். 2005இல், 19 வயதில், டெம்பா லேபிளில் வந்த ‘மிட்நைட் ரெக்வெஸ்ட் லைன்’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 2006 ஜனவரியில் பிபிசி ரேடியோ 1இல் மேரி ஆன் ஹாப்ஸ் இந்த இசைக்காரர்களைத் தன் நிகழ்ச்சிக்கு வரிசையாக அழைத்து வாசிக்கவைத்தபோது ஸ்க்ரீமும் இருந்தார். 2009இல் லா ரூ குழுவின் ‘இன் ஃபார் த கில்’ என்ற பாப் பாடலுக்கு அவர் செய்த ரீமிக்ஸ் எல்லாத் திசைகளிலும் பரவியது. கூலிக்குச் செய்த வேலைதான். ஆனால் அதில் பாப் பாடல் ஷோர்டிச் நிலவறைக்கு இறங்கி வந்திருந்தது. பாடகியின் குரலைச் சுற்றி வெற்றிடம் விட்டு, நெடுநேரம் தாளத்தையே தராமல் இழுத்தடித்திருப்பார். அடுத்த ஆண்டு மேக்னடிக் மேனின் ‘ஐ நீட் ஏர்’ பிரிட்டன் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தது. அந்த ஆல்பம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் துணிச்சல் போதவில்லை. பாடகர்கள் வரும் இடங்களில் எல்லாம் இசை ஒதுங்கி நின்று வழிவிடுகிறது. ரீமிக்ஸில் இருந்த ஆணவம் இதில் இல்லை.

2013 வாக்கில் ஸ்க்ரீம் டப்ஸ்டெப்பை விட்டு டிஸ்கோ, ஹவுஸ் பக்கம் போனார். அது பாப் உலகம் அல்ல, கிளப் உலகம்தான். ஆனால் முன்பு கேட்ட அதே வசைகள் மீண்டும் கேட்டன. பணம்தான் குற்றம் என்றால் இந்த இரண்டாவது கோபத்துக்குக் காரணமே இல்லை. தங்கள் இளமையின் ஒலியை ஒருவர் என்றைக்கும் காவல்காத்து நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது. 19 வயதில் செய்ததையே 27 வயதிலும் செய்யச் சொல்வது வேறு எந்தத் தொழிலிலும் தண்டனையாகக் கருதப்படும்.

இதைப் பற்றி எழுதிய ஆய்வாளர்களில் சாரா தார்ன்டன் எனக்கு மிகவும் பயன்பட்டவர். பிரிட்டன் நடனக் கிளப்புகளை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட ‘கிளப் கல்ச்சர்ஸ்’ நூலில் அவர் காட்டியது இது: மறைவுலக ரசிகர்கள் விற்பனையையே வெறுப்பவர்கள் அல்லர், வெளியாட்களுக்கு விற்பதைத்தான் வெறுக்கிறார்கள். எதைக் கேட்பது, எதை ஒதுக்குவது என்ற அறிவே அங்கே மூலதனம். எல்லோரிடமும் வந்துவிட்டால் அது செல்லாக்காசு. கலையுலகில் சந்தைத் தோல்வியே சில வேளைகளில் மதிப்பாக மாறுவதைப் பற்றி பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு விரிவாக எழுதியிருந்தார். தார்ன்டன் அவரிடமிருந்து தொடங்கி இரவு விடுதிக்கு வந்து சேர்கிறார். அவர் கண்ட வெளியாட்களில் பெரும்பாலும் பெண்களும் உழைக்கும் வர்க்கத்தினருமே கேலிக்கு உள்ளானார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டப்ஸ்டெப் அகலமானபோதும் புகார் பல சமயம் இசையைப் பற்றியதாக இல்லை; புதிதாக வந்த கூட்டத்தின் உடையையும் சத்தத்தையும் பற்றியதாக இருந்தது. இந்தப் பகுதியில் எனக்கு ரசிகர்மீது அனுதாபம் குறைவு.

வர்க்கத்தைப் பேசினால் கிரைம் (grime) என்ற இசையையும் பேச வேண்டும். கிழக்கு லண்டனின் அரசுக் குடியிருப்புகளில், டப்ஸ்டெப்போடு கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒரே வானொலிகளில் வளர்ந்த இசை அது. அதற்குப் பனிக்கட்டி போன்ற ஒலி தந்த தயாரிப்பாளர் வைலி 2008இல் ‘வேரிங் மை ரோலெக்ஸ்’ என்ற துள்ளல் பாட்டோடு தரவரிசையில் இரண்டாம் இடத்துக்குப் போனார். டிஸ்ஸி ராஸ்கல் 2003இல் ‘பாய் இன் த கார்னர்’ ஆல்பத்துக்கு மெர்க்குரி பரிசு வாங்கியவர். அவரும் 2008, 2009இல் முதலிடம் பிடித்தது பளபளப்பான நடனப் பாட்டுகளால். கிரைம் நிகழ்ச்சிகளுக்குக் காவல்துறை கெடுபிடி செய்த காலம் அது. லண்டனில் இசை நிகழ்ச்சி நடத்துபவர்கள் ‘படிவம் 696’ என்ற தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, அது கருப்பினத்தவர் இசையைக் குறிவைக்கிறது என்ற குற்றச்சாட்டும் நீண்டகாலம் இருந்தது. சொந்த இசையை மேடையேற்றவே வழியில்லாதவர் வானொலிக்கு ஏற்ற பாட்டு செய்தால் அதைத் தூய்மைக் கேடு என்று தீர்ப்பளிப்பவர், மாதச் சம்பளம் எங்கிருந்தோ வரும் ஆளாகத்தான் இருப்பார்.

கிரைமில் கதை அங்கே நிற்கவில்லை. ஸ்கெப்டாவும் பாப் முயற்சிகள் செய்து சலித்தவர். 2014இல் ‘தட்ஸ் நாட் மீ’ என்ற பாட்டில் பழைய கரடான ஒலிக்குத் திரும்பினார். ‘கொன்னிச்சிவா’ ஆல்பத்தைச் சொந்த லேபிளில் வெளியிட்டு 2016இல் மெர்க்குரி பரிசு பெற்றார். பரிசுக்கான பட்டியலில் டேவிட் போவியின் கடைசி ஆல்பமும் இருந்தது. பெருவழிக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டபோது கிடைக்காத பெருவழி, மாற்றிக்கொள்ள மறுத்தபோது கிடைத்தது. இதை விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கெப்டா ஒருவருக்கு நடந்தது நடக்காமல் போனவர்கள் பலர் உண்டு.

பெருநிறுவனப் பணம் எப்போதும் ஒலியை மழுக்கும் என்பதும் உண்மையல்ல. மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., ஒரு சின்ன ரோலண்ட் தாளக் கருவியில் ஆரம்பித்த இசை ‘அருளர்’ ஆக 2005இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அவரோடு சேர்ந்து கலவைத்தட்டு வெளியிட்டவர் டிப்லோ. அப்போது ஃபிலடெல்ஃபியாவில் சின்ன விருந்துகளில் தட்டுச் சுற்றிக்கொண்டிருந்தவர், பின்னாளில் உலகச் சந்தையின் மையத்துக்கே போனார். எம்.ஐ.ஏ.வின் இரண்டாவது ஆல்பம் ‘கலா’வை அமெரிக்காவில் வெளியிட்டது இன்டர்ஸ்கோப். தயாரிப்பாளர் டிம்பலண்டுடன் அமெரிக்காவில் அதைச் செய்வதாகத் திட்டம். விசா சிக்கலால் நடக்கவில்லை. எம்.ஐ.ஏ. நாடு நாடாகப் போய்ப் பதிவுசெய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் அதிரும் உறுமி தமிழ்நாட்டில் பதிவானது. முதல் ஆல்பத்தைவிடச் சத்தமான, கட்டுக்கடங்காத ஆல்பம் அது. அதிலிருந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம்வரை போனது. இதில் கலைஞரின் கொள்கை உறுதிக்கு எவ்வளவு பங்கு, குடிநுழைவு அலுவலகத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

மறுத்தவர்களின் வரலாறும் உண்டு. அது சுவையானது, ஆனால் பின்பற்றக் கடினமானது. டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் முகமூடியணிந்து வாசித்தார்கள், தட்டுகளைத் தாங்களே விநியோகித்தார்கள். 1999இல் அவர்களிடமிருந்து வந்த டிஜே ரோலாண்டோவின் ‘நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்’ ஐரோப்பாவெங்கும் ஒலித்தபோது சோனியின் ஜெர்மன் கிளை அதே மெட்டை வேறு ஆட்களைக் கொண்டு நகலெடுத்தது. ரசிகர்களின் எதிர்ப்பில் பின்வாங்க வேண்டியிருந்தது. விற்காவிட்டால் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும், ரசிகர் கோபம் சரியான முகவரிக்குப் போனால் பலிக்கும் என்பதையும் ஒருசேரக் காட்டிய நிகழ்வு. பிரிட்டனின் கேஎல்எஃப் இருவரோ உச்சத்தில் இருந்தபோது, 1992இல், தங்கள் தட்டுகள் அனைத்தையும் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்; 1994இல் ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் பத்து லட்சம் பவுண்டை நோட்டுநோட்டாக எரித்தார்கள். அவர்களுடைய பாட்டுகளும் 2021 ஜனவரி முதல் நாள் ஸ்ட்ரீமிங்குக்கு வந்துவிட்டன.

மோபியின் வழி நேர் எதிரானது. ரேவ் காலத்துத் தயாரிப்பாளரான அவர் 1999இல் வெளியிட்ட ‘பிளே’ ஆல்பத்தை ஆரம்பத்தில் வானொலிகள் சீந்தவில்லை. அதன் 18 பாட்டுகளும் விளம்பரங்களுக்கும் படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உரிமம் கொடுக்கப்பட்டன. விளம்பரம் வழியாகத்தான் மக்கள் அதைக் கேட்டார்கள். ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அன்றைக்கு வசைமொழி ஏராளம். இன்றைக்கு ஒரு புதிய தயாரிப்பாளரின் பாட்டு விளம்பரத்தில் வந்தால் நண்பர்கள் வாழ்த்துச் சொல்கிறார்கள். இசைத்தட்டு விற்று வாழ முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனதால் அறமும் இறங்கி வந்திருக்கிறது.

ஸ்க்ரில்லெக்ஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ரோல் டீப் என்ற கிரைம் குழுவில் தொடங்கி, இருபது ஆண்டுகளாக ஆழ்ந்த குரலில் பாடிவரும் ஃப்ளோடான், தயாரிப்பாளர் ஃப்ரெட் அகெய்ன் ஆகியோருடன் அவர் செய்த ‘ரம்பிள்’ 2023இல் வெளியாகி 2024இல் கிராமி விருது பெற்றது. வெளியாகும் முன்பே மாதக்கணக்கில் டிஜேக்களின் மேடைகளில் ஒலித்துப் பசியைக் கிளப்பிய பாட்டு அது, பழைய டப்பிளேட் போலவே. அதில் நடுப்பகுதி உறுமல் இல்லை. வெற்றிடமும் அடிநாதமும் இருக்கின்றன. பிரிக்ஸ்டனைக் கெடுத்தவர் என்று திட்டு வாங்கியவர் பிரிக்ஸ்டன் ஒலியை விருதுமேடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். மாலா எந்தப் பெருநிறுவனத்தின் வாசலுக்கும் போகாமல் இன்றும் தன் தட்டுகளோடு ஊர் ஊராக வாசித்துவருகிறார். அவருக்குத் தலைவணங்குகிறேன், அதை மற்றவர்களை அடிக்கும் கோலாக்க மாட்டேன்.

ரசிகர் கோபம் ஏறக்குறைய எட்டிப்பார்க்காத இடம் ஒன்று உண்டு: ஒப்பந்தம். ஃபோர் டெட் என்ற பெயரில் இசை செய்யும் கீரன் ஹெப்டன் 2001இல் டாமினோ லேபிளில் கையெழுத்திட்டார். டாமினோ பெருநிறுவனம் அல்ல. ரசிகர்கள் மதிக்கும் சுயேச்சை லேபிள். ஸ்ட்ரீமிங் என்ற ஒன்றே இல்லாத காலத்து ஒப்பந்தத்தை வைத்து, ஸ்ட்ரீமிங் வருமானத்தில் அவருக்கு 13.5 விழுக்காடு தரப்பட்டது. 50 விழுக்காடு தர வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே, 2021 நவம்பரில், அவருடைய மூன்று ஆல்பங்களை லேபிள் ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து இறக்கியது. 2022 ஜூனில் சமரசம்: 50 விழுக்காடு ஏற்கப்பட்டது, சுமார் 57 ஆயிரம் பவுண்டு நிலுவை வந்தது. சுயேச்சை லேபிள் என்பதால் 2001இன் அந்தக் கையெழுத்தை யாரும் விலைபோனதாகச் சொல்வதில்லை. ஆனால் அதன் கணக்கைத் திருத்த அவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.